ரெண்டு புள்ளி இசக்கி

இசக்கியம்மாள் இறந்த செய்தி கைப்பேசியில் வருவதற்கு முன்பே என் கணினித் திரையில் வந்துவிட்டது. அதை அப்படிப் படிக்க எனக்குத் தெரியவில்லை.

சாரல் பிடித்திருந்த வாரம் அது. இரவெல்லாம் அடித்த காற்றில் தென்காசியில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்திருக்கிறது. காலையில் அலுவலகத்துக்கு வந்து என் புரோகிராமை ஓட்டிப் பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பெழுத்து. ஒரு கோப்பைத் திறக்க முடியவில்லை என்று ஒரே புலம்பல். அந்தக் கோப்பு இருப்பது இசக்கியின் கணினியில். திரும்பிப் பார்த்தேன். அவள் நாற்காலி காலியாக இருந்தது, கணினி அணைந்து கிடந்தது. வழக்கமாக வீரகேரளம்புதூர் பஸ்ஸில் எல்லோருக்கும் முன்னால் வந்து, கதவைத் திறந்து, அதை உயிர்ப்பித்து வைத்திருப்பவள் அவள்தான். "ஏட்டி, மகாராணி எப்ப எழுந்தருளுதீக? உங்க மெஷின் இன்னும் தூங்குது" என்று வாட்ஸப்பில் அனுப்பினேன். இரண்டு குறிகளும் நீலமாயின. பதில் வராமல் அழைப்பு வந்தது.

பேசியது அவள் கணவர் பரமசிவம். காவல் துறையில் ஏட்டாக இருப்பவர், தெருமுனையில் நின்று பேசினாலும் வீட்டுக்குள் கேட்கும் குரல். அன்று எனக்கு அந்தக் குரலை அடையாளம் தெரியவில்லை.

"சாந்திம்மா, இசக்கி போயிட்டா."

"எங்க போயிட்டா அண்ணே?" என்று கேட்டேன். மனதறிந்து கேட்கவில்லை. வாய் தானாகக் கேட்டது.

பஸ்ஸுக்குக் கிளம்பி, செருப்பு மாட்டக் குனிந்தவள் தலை வலிக்கிறது என்று வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அன்றைக்கும் அவள் தென்காசிக்கு வரத்தான் செய்தாள். எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் அந்த ஆம்புலன்ஸ் போனது. சங்கு ஊதிக்கொண்டு போன சத்தத்தை நான் கேட்டேன். கேட்டுக்கொண்டே ஜன்னலைச் சாத்தினேன், சாரல் உள்ளே அடிக்கிறது என்று.

அவளை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். எங்களுடையது சின்ன அலுவலகம். காசி விசுவநாதர் கோயிலுக்குப் போகும் தெரு ஒன்றில், பாத்திரக்கடைக்கு மேல் மாடி. நடத்துகிறவரை எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைப்போம். அரிசி ஆலைகளுக்கும், லாரியோடு சேர்த்து எடை போடும் எடைமேடைகளுக்கும் புரோகிராம் எழுதிக் கொடுப்பது வேலை. எழுதுகிறவர்கள் நான், சுடலைமுத்து, இசக்கி. இசக்கி நெல் விளைவித்த குடும்பத்தில் பிறந்தவள். அண்ணன் ராணுவத்தில், கணவர் போலீஸில், அவள் மட்டும் கம்ப்யூட்டரில். "எங்க வீட்ல துப்பாக்கி தூக்காதவ நான் ஒருத்திதான், ஆனா எல்லாரையும் சுடுதது நான்தான்" என்பாள். உண்மைதான், வாய் அப்படி.

அவள் வருவதற்கு முன் எங்கள் காலைகள் எல்லாம் சண்டையில்தான் விடியும். ஒரு புரோகிராமுக்குப் பொதுவான வரிகளைத் தனிக் கோப்பில் எழுதிவைத்து, மற்றக் கோப்புகளின் தலையில் "இன்ன இடத்தில் இருக்கிறது, எடுத்துச் சேர்த்துக்கொள்" என்று பாதை எழுத வேண்டும். பொதுக் கோப்புகள் எல்லாம் பின்னறையில் இருந்த பெரிய கணினியில் இருந்தன. அண்ணாச்சி அதற்கு அருவி என்று பெயர் வைத்திருந்தார். அதற்கு இணைப்பு போகாத நாளில் "இன்னைக்குக் குளிக்கத் தடை" என்று கத்துவோம். கொடுமை என்னவென்றால், அருவிக்கு அவரவர் கணினியில் அவரவர் இஷ்டத்துக்கு ஓர் எழுத்து கொடுத்திருந்தோம். எனக்கு அது இசட் டிரைவ். சுடலைக்கு எக்ஸ். அண்ணாச்சி தன் மனைவி பெயரின் முதலெழுத்தை வைத்திருந்தார். சுடலை எழுதிய கோப்பில் எக்ஸ் என்று பாதை இருக்கும். என் கணினியில் எக்ஸ் என்று ஒன்று கிடையாது. நான் இசட் என்று மாற்றுவேன். மறுநாள் அவன் கத்துவான், மறுபடி எக்ஸ் ஆக்குவான். ஆளுக்கொரு பெயரில் ஒரே இடத்தைத் தேடிக்கொண்டு, மற்றவன்தான் முட்டாள் என்று நினைத்துக்கொண்டு காலம் போனது.

இசக்கி வந்த புதிதில் இந்தச் சண்டையை ஒரு நாள் முழுக்க வேடிக்கை பார்த்தாள். சாயங்காலம் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அங்கன இருக்கு, அங்கன இருக்குன்னு ஆளாளுக்குக் கைய நீட்டுதீங்க. ஒருத்தன் நீட்டுத பக்கம் இன்னொருத்தனுக்குச் சுவர்லா இருக்கு. இங்கனருந்து எப்படிப் போவணும்னு எழுதுங்க."

டிரைவ் எழுத்துகளையெல்லாம் அவள் பிடுங்கி எறிந்தாள். அந்தக் கோப்பு நிற்கும் இடத்திலிருந்து ஒரு படி மேலே ஏற வேண்டுமானால் ரெண்டு புள்ளி. இன்னொரு படி ஏற இன்னொரு ரெண்டு புள்ளி. அங்கிருந்து இறங்கி, பொது என்ற பெட்டிக்குள், அதாவது ஃபோல்டருக்குள், போ. இப்படி எழுதினால் முழுப் பெட்டியையும் எந்த டிரைவில் தூக்கி வைத்தாலும், எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் வழி மாறாது. எங்களுக்குப் பழகும்வரை அவள் எங்கள் பின்னால் வந்து நின்று "ரெண்டு புள்ளி, ரெண்டு புள்ளி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சுடலைதான் பெயர் வைத்தான், ரெண்டு புள்ளி இசக்கி என்று. கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால் அடுத்த வாரம் தன் டிபன் பாக்ஸ் மூடியில் நெயில் பாலிஷால் ரெண்டு புள்ளி வைத்துக்கொண்டு வந்தாள்.

தங்கமான பெண் என்று மட்டும் எழுதினால் அவளே வந்து சிரிப்பாள். பிடிவாதக்காரி. நான் ஒரு முறை பெட்டிக்குப் பெயரே மாற்றாமல் 'நியூ ஃபோல்டர்' என்று விட்டுவைத்ததற்கு, "பெத்த பிள்ளைக்குப் பேர் வைக்காம தெருவுல விடுவியாட்டி?" என்று கேட்டு, ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. நடுவில் உட்கார்ந்த சுடலைதான் தூது போய்ச் செத்தான்.

செங்கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் நடந்ததை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள், அவளே ஊரெல்லாம் பரப்பினாள். நானும் சுடலையும் அங்கே எடைமேடைக்குப் புரோகிராம் போடப் போயிருந்தோம். எடை காட்டும் பெட்டி வேறு மாதிரி இருந்ததால், அங்கேயே உட்கார்ந்து திருத்தி லேப்டாப்பிலேயே புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. கட்டினால் கோப்பு கிடைக்கவில்லை என்கிறது. வெளியே நெல் லாரிகள் வரிசையில் நிற்கின்றன, மழை வேறு. ஆலைக்காரர் "எந்தாச்சு மோளே, ஆச்சா?" என்று மலையாளமும் தமிழுமாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிறார். இசக்கிக்கு போன் போட்டு, உன் ரெண்டு புள்ளி இங்கே வேலை செய்யவில்லை என்று கத்தினேன்.

"கத்தாத. மொதல்ல நீ எங்கன நிக்கேன்னு சொல்லு."

"செங்கோட்டைலதான். மில்லு வாசல்ல. மழ பெய்யுது."

அந்தப் பக்கம் சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை நான் போனில் கேட்டதில்லை. எந்தப் பெட்டிக்குள் நின்றுகொண்டு புரோகிராமை ஓட்டுகிறாய் என்பதுதான் அவள் கேட்டது. நான் ஒரு படி தள்ளி நின்றிருந்தேன். புள்ளிகள் எங்கிருந்து எண்ணத் தொடங்குகின்றனவோ அந்த இடம் மாறிவிட்டால் எல்லாமே மாறிவிடும். "வழி சரியாத்தான் இருக்கு. நிக்க எடந்தான் தப்பு," என்றாள். சரியான பெட்டிக்குள் போய் ஓட்டியதும் ஓடியது. அதற்குப் பிறகு எதற்கு போன் செய்தாலும், மகள் படிப்பைப் பற்றிப் பேசினாலும், மாமியாரைப் பற்றி அழுதாலும், அவள் முதல் கேள்வி அதுதான். நீ எங்கன நிக்கே? சில நாள் கிண்டல். சில நாள் கிண்டல் இல்லை.

ஐந்தருவிக்கு அலுவலகத்தோடு போன சீசனில் அவளை நான் தொலைத்துவிட்டேன். பெண்கள் பக்கத்து வரிசையில் கையைப் பிடித்துக்கொண்டுதான் அருவிக்கு அடியில் போனோம். தண்ணீர் அடித்த அடியில் கை விட்டுப்போயிற்று. வெளியே வந்தால் ஒரே தலைகள். போன்கள் எல்லாம் வண்டியில். எல்லோரிடமும் அண்ணாச்சி "சிப்ஸ் கடை முன்னால வந்துருங்க" என்று சொல்லியிருந்தார். ஐந்தருவியில் சிப்ஸ் கடை முன்னால் என்றால் அது எந்தக் கடை? நான் கடை கடையாக, பழக்கடை, மிளகாய் பஜ்ஜிக் கடை என்று சுற்றி அலைந்து, ஈரச் சேலையோடு அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். கடைசியில் கை விட்டுப்போன இடத்துக்கே திரும்பி வந்தேன். அங்கே பாறை ஓரமாக, பற்கள் கிடுகிடுக்க, உதடு நீலம் பாரித்து இசக்கி நின்றுகொண்டிருந்தாள். ஓர் அடி நகரவில்லை.

"கோட்டிக்காரி, இவ்வளவு நேரமா இங்கனயே நிக்கே? கொஞ்சம் தேடியிருக்கலாம்லா?"

"ரெண்டு பேரும் தேடுனா ரெண்டு பேரும் தொலைஞ்சிருவோம்டி. ஒருத்தி பிரிஞ்ச எடத்துலயே நிக்கணும். நீ நிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். அதான் நான் நின்னேன்."

இப்போது நான் நிற்கிறேன், இசக்கி. பிரிந்த இடத்திலேயே நிற்கிறேன். நீதான் வரமாட்டாய்.

அவள் கணினியின் கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதுதான் இந்த மாதங்களில் என்னைத் தின்றது. இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் இடி விழுந்து அருவி கருகிப்போயிற்று. அன்று ஆலைகளுக்கெல்லாம் வேலை நிற்கக் கூடாது என்று, தன் கணினியிலிருந்த பிரதியை எல்லோருக்கும் திறந்துவிட்டாள் இசக்கி. அவசரத்தில் எல்லாக் கோப்புகளின் தலையிலும் அவள் கணினியின் பெயரையே பாதையாக எழுதினோம். அந்தக் கணினிக்குப் பெயரும் இசக்கிதான். ஆளின் பெயரையோ கணினியின் பெயரையோ பாதையில் எழுதவே கூடாது என்று எங்களை அடிக்காத குறையாகப் பழக்கியவள், தானே அப்படி எழுத வேண்டிவந்தது. வெட்கம் தாங்காமல் அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு போட்டாள்: "தற்காலிகம். மாத்தணும். இசக்கி." புரோகிராமுக்குள் மனிதர்களுக்காக மட்டும் எழுதும் வரி அது. கணினி அதைத் தாண்டிப் போய்விடும்.

தற்காலிகம் இரண்டு வருடம் ஓடியது. புது அருவி வாங்கிய பிறகும் யாருக்கும் கை வரவில்லை. "ஊர்ல போய் மெத்தப் பேசுத, உன் வீட்டுக்குள்ள பாரு" என்று கிண்டல் செய்வேன். "ஆடி முடியட்டும், மாத்துதேன்" என்பாள். ஆடி முடிந்து தீபாவளி, தீபாவளி முடிந்து பொங்கல். லீவு போட்ட நாளிலும் காலையில் போன் வரும்: "என் மெஷினப் போட்டாச்சா?"

அவள் காரியங்கள் முடிந்து அலுவலகம் திறந்த அன்று, சுடலைதான் போய் அந்தக் கணினியின் பொத்தானை அழுத்தினான். திரையில் அவள் பெயர் வந்தது. கீழே கடவுச்சொல் கேட்கும் கட்டம். அதற்குள் ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மின்னியது. கடவுச்சொல் எங்கள் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, கணினி உயிரோடு இருந்தால் போதும், கோப்புகள் வந்துவிடும். என் புரோகிராம் ஓடியது. ஆலைகளில் எடை விழுந்தது. அவள் பெயர் திரையில் காத்துக்கொண்டிருக்க, நாங்கள் அவளிடமிருந்து எடுத்து எடுத்து வேலை செய்துகொண்டிருந்தோம். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், காலையில் வந்ததும் அந்தத் திரையைத் துடைத்துவிட்டுத்தான் என் நாற்காலியில் உட்காருவேன்.

அண்ணாச்சி பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் என் மேசைக்கு வந்து நின்றார்.

"தாயி, டிஸ்க்கு கெடந்து முனங்குது. என்னைக்காவது பட்டுன்னு நின்னுட்டுன்னா அம்புட்டு வேலையும் போச்சு. பாதைய மாத்திருவோம்."

"நிக்கும்போது பாத்துக்கிடலாம் அண்ணாச்சி."

"அப்படிச் சொன்னா எப்படி? இசக்கி இருந்தா அவளே உன்னத் திட்டுவா."

"இருந்து திட்டட்டும்," என்றேன். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு போனார். பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. சுடலையையும் தொட விடவில்லை நான். அந்தக் கணினி நின்றால் அவள் இந்த அலுவலகத்தை விட்டுப் போய்விடுவாள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. வீட்டை விட்டு, ஊரை விட்டு, உலகத்தை விட்டே போனவளை இந்த ஒரு மேசையிலிருந்து மட்டும் போக விடக் கூடாது என்று ஒரு வீம்பு.

பரமசிவம் அண்ணன் ஒரு மத்தியானம் வந்தார், அவள் பொருள்களை எடுத்துப் போக. டிபன் பாக்ஸ், ஒரு சால்வை, நாற்காலிக்கு அடியில் கிடந்த மாற்றுச் செருப்பு. எல்லாவற்றையும் பையில் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"இது அவ பேருல்லா. இன்னும் ஓடுதா?"

"ஓடுது அண்ணே."

மெல்லக் குனிந்து, மேசைக்குக் கீழே இருந்த பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல் பார்ப்பது போல வைத்தபடியே இருந்தார். "சூடா இருக்கு," என்றார்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சாந்திம்மா," என்றார் பின்னாலிருந்து. "அவ இன்னும் வேல பாத்துக்கிட்டுக் கெடக்கா மாதிரி இருக்கு. காலைல எந்திச்சு ஓட்டமா ஓடி வந்து, ராத்திரி வந்து சமைச்சு. போதும். கொஞ்சம் படுக்கட்டும். அணைச்சிருங்கம்மா."

அவர் போன பிறகு உட்கார்ந்தேன். எல்லாக் கோப்புகளிலும் இசக்கி என்று தேடச் சொன்னேன். வரிசையாக வந்தாள். எடை, ரசீது, லாரி எண், ஈரப்பதம் என்று நாங்கள் எழுதிய எல்லாவற்றின் தலையிலும் அவள் பெயர் இருந்தது. மொத்தமாக ஒரே நொடியில் மாற்றிவிடலாம், அதற்கு வழி இருக்கிறது. நான் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, அவள் பெயரை அழித்து, அந்த இடத்தில் ரெண்டு புள்ளி வைத்தேன். மேலே இருந்த குறிப்பை மட்டும் எந்தக் கோப்பிலும் அழிக்கவில்லை. தற்காலிகம். மாத்தணும். இசக்கி. மாற்றியாயிற்று, ஆனாலும் இருக்கட்டும்.

பொதுக் கோப்புகளைப் புது அருவியில் வைத்துவிட்டு, சுடலையைக் கூப்பிட்டேன். அவன் அவள் கணினியை அணைத்தான். அதன் சத்தம் இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டிருந்தது என்பது நின்ற பிறகுதான் தெரிந்தது. புரோகிராமை ஓட்டினேன். எங்காவது ஓரிடத்தில், ஏதாவது ஒரு கோப்பு, இசக்கி இல்லாமல் முடியாது என்று சொல்லும் என்று எதிர்பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. அவள் சொல்லிக்கொடுத்தபடி எழுதியதால் அவள் இல்லாமலே ஓடியது. அழுகை அப்போதுதான் வந்தது, அவள் வீட்டு வாசலில் கூட அப்படி வரவில்லை. சுடலை மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு வெளியே போய் நின்றான்.

அவளுடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. எல்லாவற்றையும் அவள் மகளுக்காகப் பரமசிவம் அண்ணன் கொண்டுபோய்விட்டார், அதுதான் முறை. என்னிடம் என்ன இருக்கிறது என்பது எனக்கே போன வாரம்தான் தெரிந்தது. சுடலை அதே செங்கோட்டைப் பக்கத்து ஆலைக்குத் தனியாகப் போயிருந்தான். மத்தியானம் போன் செய்தான், பதற்றத்தில் குரல் ஏறியிருந்தது.

"அக்கா, பாதைய மாத்துனதுல என்னமோ கோளாறு. கோப்பு கெடைக்கலன்னு சொல்லுது. லாரிக்காரங்க சத்தம் போடுதாங்க."

நான் யோசித்துப் பேசவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"கத்தாதலே. மொதல்ல நீ எங்கன நிக்கேன்னு சொல்லு."

சொன்ன பிறகுதான் எங்கள் இருவருக்கும் கேட்டது. அந்தப் பக்கம் லாரிகளின் ஹாரனுக்கு நடுவே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நானும் போனைக் காதில் வைத்தபடி, அணைந்து கிடந்த அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"செங்கோட்டைல, அக்கா," என்றான் கடைசியில். "மில்லு வாசல்ல நிக்கேன். மழ பெய்யுது."